கயிற்றிலிருந்து கணினிவரை: மேலேறும் வேகத்துக்கு வரம்பு வந்த வரலாறு

ஸ்கூபா முக்குளிப்போரின் மணிக்கட்டில் இருக்கும் டைவ் கம்ப்யூட்டர், அவர் விரைந்து மேலேறினால் ஒலி எழுப்பும். திரையில் ‘மெதுவாக’ என்று எச்சரிக்கும். பல கருவிகளில் இதன் வரம்பு நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டர். இந்த எண் எங்கிருந்து வந்தது, மன்னார் வளைகுடாவில் சங்கு எடுப்போருக்கு அது ஏன் இன்றியமையாதது என்பதை ஆராய்கிறது இக்கட்டுரை.

முத்துக்குளிப்பில் வேகமாக மேலேறுவதே உயிர் காத்தது. கல்லைப் பற்றிக்கொண்டு, சிப்பிகள் வாழும் பாரின் அடிக்கு இறங்கியவர், ஒரே மூச்சில் சிப்பிகளை வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் விரைந்து இழுப்பார். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்ற வாய்மொழி மரபு, இழுப்பின் வேகத்தில் எவ்வளவு நம்பிக்கை அடங்கியிருந்தது என்பதற்குச் சான்று. மேற்பரப்பில் இழுத்த மூச்சு ஆழத்தில் சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்பும். அதனால் நுரையீரல் கிழியாது. ஓரிரு நிமிடத்தில் உடலில் கரையும் நைட்ரஜனும் சொற்பமே. ஆபத்து அடியோடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. பசிபிக்கின் துவாமோட்டு தீவுகளில் நாள் முழுதும் இடைவிடாமல் முத்துக்குளித்தோருக்கு மயக்கமும் வாதமும் வந்ததை 1960களில் கிராஸ் என்பவர் பதிவு செய்தார். ஆனாலும் ஒற்றை மூச்சில் இறங்கியவருக்கு முதல் எதிரி நேரம்தான்.

அழுத்தக் காற்றைக் கீழேயே சுவாசிக்கத் தொடங்கியதும் கணக்கு தலைகீழானது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு. அங்கு நிரப்பிய நுரையீரல் காற்று, வெளிவிடாமல் மேலே வந்தால் இரு மடங்காக விரியப் பார்க்கும். திசுக்களில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரமின்றிக் குமிழிகளாகப் பிரியும். மூட்டு வலி முதல் பக்கவாதம்வரை கொண்டுவிடும். ஹௌரா பாலத்தின் அடித்தளத்துக்காக அழுத்தக் காற்று அறைகளில் இறங்கிய தொழிலாளரையும் அச்சுறுத்தியது இதே நோய்தான்.

குமிழியே காரணம் என்று 1878இல் ஆய்வாளர் பால் பெர் நிறுவினார். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை வைத்துச் சோதித்த ஹால்டேன் குழு, 1908இல் படிப்படியாக நின்று மேலேறும் அட்டவணைகளை வெளியிட்டது. நிமிட வேகத்தின் கதை இதைவிடச் சுவையானது. 1950களில் அமெரிக்கக் கடற்படையின் தவளை வீரர்கள் எனப்பட்ட நீரடிப் படையினருக்குத் தலைமை தாங்கிய டக்ளஸ் ஃபேன், நிமிடத்துக்கு 100 அடியோ அதற்கு மேலோ ஏற அனுமதி கேட்டார். கனத்த தலைக்கவசம் அணிந்து கயிற்றில் மேலேறியவர்களுக்கு அந்த வேகம் தாங்காது. இரு தரப்பும் ஒப்பிய எண் 60 அடி, அதாவது 18 மீட்டர். விநாடிக்கு ஓரடி என்று எண்ணுவதும் எளிது. உடலியல் சோதனையில் பிறக்காத இந்தச் சமரசம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகெங்கும் பாடமாக நின்றது என்பது கவலையோடு நினைக்க வேண்டிய செய்தி.

அதை அசைத்தது ஒலியலைக் கருவி. கண்ணுக்குத் தெரியாத குமிழிகளை இரத்த ஓட்டத்தில் கேட்க முடிந்ததும், மேற்பரப்புக்கு அருகே ஓரிரு நிமிடம் நின்றாலே அவை வெகுவாகக் குறைவதை 1970களில் ஆய்வாளர் பில்மானிஸ் காட்டினார். 1989 செப்டம்பரில் வுட்ஸ் ஹோலில் கூடிய பட்டறை 60 அடியை உச்ச வரம்பாக மட்டும் ஏற்று, 10 முதல் 30 அடிக்குள் 3 முதல் 5 நிமிடம் நிற்கச் சொன்னது. அமெரிக்கக் கடற்படை 1993இல் வேகத்தை 30 அடியாகப் பாதியாக்கியது. 10 மீட்டரிலிருந்து மேலே வர முன்பு 33 விநாடி. இப்போது 67 விநாடி.

அவ்வளவு மெதுவான வேகத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிடுவது கடினம். 1983இல் ஆர்கா எட்ஜ் போன்ற கணினிகள் சந்தைக்கு வந்தபின் அந்தக் கணக்கைக் கருவி ஏற்றது. 10 விநாடியில் 8 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்கு வந்தால் வேகம் நிமிடத்துக்கு 12 மீட்டர், எச்சரிக்கை ஒலிக்கும். கையைச் சட்டென்று உயர்த்தினாலும் ஒலிக்கலாம் என்பதால் கருவிகள் சில விநாடிகளின் சராசரியை எடுக்கின்றன. ஒலி தொடர்ந்தால் மிதவைச் சட்டையின் காற்றை வெளியேற்றி, மூச்சை அடக்காமல் வேகத்தைத் தணிக்க வேண்டும். கடைசிப் பத்து மீட்டரில்தான் காற்று மிக அதிகமாக விரிகிறது. அங்கே ஒலிக்கும் எச்சரிக்கையை அலட்சியம் செய்யவே கூடாது.

தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது. சங்கு எடுப்பது நிற்கவில்லை. மூச்சடக்கி இறங்கிய தொழிலில் கம்ப்ரசரும் காற்றுக் குழாயும் புகுந்தன. இலங்கையின் வடகரையில் கடலட்டை எடுப்போர் சிலிண்டருடன் இறங்குகிறார்கள். சுவாசிக்கும் காற்று மாறியது; ஆனால் விரைந்து ஏறும் பழக்கத்தை மாற்றும் பயிற்சியும் கருவியும் பலருக்குக் கூடவே வரவில்லை. என் கருத்தில் இந்த வரலாற்றின் பெரிய இடைவெளி இதுவே.

அதை நிரப்பும் திறன் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இருக்கிறது. டைவ் கம்ப்யூட்டரின் இதயமான சிலிக்கன் அழுத்த உணரி, 1954இல் ஆய்வாளர் ஸ்மித் கண்டறிந்த பண்பில் இயங்குவது. அதே பண்பில் இயங்கும் உணரிகளே இன்றைய கார் எஞ்சின்கள் பலவற்றில் காற்றழுத்தத்தை அளக்கின்றன. ஒரகடத்தில் கார் ஆலைகள் உண்டு. சுங்குவார்சத்திரம் பக்கம் செல்பேசிகள் உருவாகின்றன. ஆழத்தையும் ஏறும் வேகத்தையும் மட்டும் காட்டி, வரம்பு மீறினால் கையில் அதிரும் மலிவான கருவி ஒன்றை இங்குள்ள பொறியாளர்கள் வடிவமைக்க வேண்டும். மீன்வளத் துறை அதைப் பயிற்சியோடு சேர்த்துச் சங்கு குளிப்போர் கையில் கொடுக்க வேண்டும்.