டாக்டர் ஹூ: காதால் காக்கப்பட்ட தொடரும் அதன் ரசிகர் வலையொலிகளும்

பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23ஆம் தேதி ஒளியேறத் தொடங்கியது ‘டாக்டர் ஹூ’. உலகில் மிக நீண்ட காலம் ஓடும் அறிவியல் புனைகதைத் தொடராகக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. ‘டாக்டர்’ என்று மட்டும் அழைக்கப்படும் வேற்றுக்கிரகவாசி ஒருவர், வெளியே நீல நிறப் போலிஸ் தொலைபேசிக் கூண்டு போலவும் உள்ளே மாளிகை போல விரிந்தும் இருக்கும் ‘டார்டிஸ்’ என்னும் வாகனத்தில் காலத்திலும் வெளியிலும் பயணம் செய்வதுதான் கதை. சாகும் நிலை வந்தால் அவர் உடலை மாற்றிக்கொள்வார். முதல் நாயகர் வில்லியம் ஹார்ட்னெல் நோய்வாய்ப்பட்டபோது, 1966-ல் பேட்ரிக் டிரௌட்டனை அதே பாத்திரத்தில் கொண்டுவரக் கண்டுபிடித்த வழி இது. நடிகர் போனாலும் தொடர் போகாமல் இருந்ததற்கு இந்த ஒரு யோசனையே காரணம்.

இந்தத் தொடரைப் பற்றி ரசிகர்களே நடத்தும் வலையொலிகள், அதாவது பாட்காஸ்டுகள், ஏராளம். வேறு தொடர்களுக்கும் ரசிகர் வலையொலிகள் உண்டு. ஆனால் டாக்டர் ஹூ ரசிகர்களுக்கு ஒலியோடு உள்ள உறவு இணையத்துக்கு வெகுகாலம் முந்தியது. அங்கிருந்து தொடங்கினால்தான் இந்த வலையொலிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது புரியும்.

அழிக்கப்பட்ட அங்கங்கள்

1960களில் வீடியோ நாடா விலை உயர்ந்த பொருள். ஒரு நாடகம் ஒளியேறி முடிந்ததும் நாடாவை அழித்து, அடுத்த நிகழ்ச்சியை அதிலேயே பதிவு செய்வது பிபிசியின் வழக்கம். நடிகர் சங்கத்துடன் இருந்த ஒப்பந்தத்தால் மறு ஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு இருந்தது. மீண்டும் காட்ட முடியாததை வைத்திருந்து என்ன பயன் என்று நினைத்தார்கள். வெளிநாடுகளுக்கு விற்க எடுத்த திரைப்படச் சுருள் பிரதிகளும் 1970களில் குப்பைக்குப் போயின. 1978 வாக்கில்தான் இது நின்றது.

1963 முதல் 1969 வரை தயாரானவை 253 அங்கங்கள். அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை பிபிசி காப்பகத்தில் இல்லாமல் போயின. சிலவற்றை மீட்டுக் கொடுத்தவை வெளிநாட்டுப் பிரதிகள். ஒரு நாட்டில் காட்டி முடித்த சுருளை அடுத்த நாட்டுக்கு அனுப்புவார்கள், அல்லது அழித்துவிடச் சொல்வார்கள். 1960களில் இத்தொடரை வாங்கிக் காட்டிய நிலையங்களில் சிங்கப்பூரும் ஒன்று. 1967-ல் ஒளியேறிய ‘தி டூம் ஆஃப் தி சைபர்மென்’ கதையின் 4 அங்கங்களும் ஹாங்காங் நிலையத்திலிருந்து 1992-ல் திரும்பி வந்தன. 2013-ல் நைஜீரியாவில் 9 அங்கங்கள் கிடைத்தன. அப்போதும் 97 அங்கங்கள் காணாமலே இருந்தன.

காணாமல் போனது படம் மட்டுமே என்பதுதான் இதில் வியப்பு. அந்த 97 அங்கங்களுக்கும் ஒலி இருக்கிறது. காரணம், அன்றைய பிள்ளைகளும் இளைஞர்களும். தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கி முன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை மாலைகளில் ஒவ்வோர் அங்கத்தையும் நாடாவில் பதிவு செய்தார்கள். விவரம் தெரிந்த சிலர் பெட்டிக்குள்ளிருந்து நேராகக் கம்பி இழுத்துப் பதிந்தார்கள். அவர்களின் பதிவுகள் இன்னும் துல்லியமாக இருக்கின்றன. நம் வீடுகளிலும் வானொலி அருகே கேசட் ரெக்கார்டரை வைத்து, பாட்டு முடியும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்று பிள்ளைகளை அதட்டிய காலம் பலருக்கு நினைவிருக்கும். ஏறக்குறைய அதே வேலைதான். அவர்கள் யாரும் காப்பகப் பணி செய்வதாக எண்ணவில்லை. படத்தை வீட்டில் வைத்துக்கொள்ள வழியில்லாத காலம் என்பதால், குரலையாவது மறுபடி கேட்கலாமே என்றுதான் பதிந்தார்கள்.

பிற்காலத்தில் பிபிசியே அந்த ரசிகர் நாடாக்களைப் பெற்று, சுத்தம் செய்து, இடையிடையே விளக்கக் குரல் சேர்த்து, கேசட்டாகவும் குறுந்தட்டாகவும் விற்றது. பின்பு அந்த ஒலிக்கு உயிரோவியப் படம் சேர்க்கும் முயற்சி வந்தது. டிரௌட்டனின் முதல் கதையான ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’ 6 அங்கங்களும் அழிந்துபோனவை. நாயகர் முதன்முறை மாறிய கதையே கைவிட்டுப் போனது என்றால் இழப்பின் அளவு விளங்கும். 50 ஆண்டுகள் கழித்து, 2016-ல் அது உயிரோவியமாக வெளிவந்தபோது கேட்டது, வீட்டில் பதிந்த அந்தப் பழைய ஒலிதான்.

கேசட்டிலிருந்து வலையொலிக்கு

1980களில் ரசிகர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். ‘ஆடியோ விஷுவல்ஸ்’ என்ற பெயரில் தாங்களே கதை எழுதி, நடித்து, கேசட்டில் நாடகங்கள் வெளியிட்டார்கள். அதில் டாக்டராக நடித்தவர்களுள் ஒருவர் நிக்கலஸ் பிரிக்ஸ். 2005-ல் தொடர் மீண்டும் வந்தபோது, டாலெக் என்னும் இயந்திர எதிரிகளுக்குப் பிபிசி திரையில் குரல் கொடுத்தவர் அவரேதான். அந்தக் கேசட் குழுவினர் சிலரைக் கொண்டு வளர்ந்த ‘பிக் ஃபினிஷ்’ நிறுவனம், 1999 முதல் முறையான உரிமத்துடன் டாக்டர் ஹூ ஒலிநாடகங்களை வெளியிட்டு வருகிறது. தொடர் 1989-ல் நிறுத்தப்பட்ட பிறகு, 1996-ல் வந்த ஒரே ஒரு தொலைக்காட்சிப் படத்தைத் தவிர, திரையில் புதிதாக எதுவும் இல்லாத ஆண்டுகள் அவை. நாவல்களும் ஒலிநாடகங்களுமே ரசிகர்களுக்குத் துணையாக இருந்தன.

2005 மார்ச் 26ஆம் தேதி தொடர் திரும்பியது. அதே ஆண்டு ஜூன் மாதம் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் வலையொலிகளைச் சேர்த்தது. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயல்தான். ஆனால் காதால் கேட்டே பழகிய ஒரு ரசிகர் கூட்டத்துக்குப் புதுக் கதையும் புதுக் கருவியும் சேர்ந்தே கிடைத்தன. ‘பாட்ஷாக்’ அந்த ஆண்டே அமெரிக்காவில் தொடங்கியது. அடுத்த ஆண்டு கனடாவில் நண்பர்கள் மூவர் ‘ரேடியோ ஃபிரீ ஸ்காரோ’வைத் தொடங்கினர். ஸ்காரோ என்பது கதையில் டாலெக்குகளின் கிரகம். பனிப்போர் காலத்து ‘ரேடியோ ஃபிரீ யூரோப்’ நிலையத்தின் பெயரைக் கேலியாக மாற்றி வைத்திருக்கிறார்கள். செய்தி, விமர்சனம், தொடரில் பணியாற்றியோருடன் நேர்காணல் என்று இந்த வலையொலி ஆண்டுக்கணக்கில் நடந்து வருகிறது. லாஸ் ஏஞ்சலஸில் 1990 முதல் நடந்துவரும் ‘கேலிஃப்ரே ஒன்’ ரசிகர் மாநாட்டு மேடையிலிருந்தும் நேயர் முன்னிலையில் பதிவு செய்திருக்கிறார்கள்.

இவற்றுள் தனித்துச் சொல்ல வேண்டியது ‘வெரிட்டி!’. தொடரின் 50ஆம் ஆண்டை ஒட்டி, வெவ்வேறு நாடுகளில் வசிக்கும் 6 பெண்கள் தொடங்கியது. டாக்டர் ஹூ பேச்சு பெரும்பாலும் ஆண்கள் கூட்டமாகவே இருந்த நேரம் அது. பெயர், தொடரின் முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லேம்பர்ட்டின் நினைவாக வைத்தது. 1963-ல் பொறுப்பேற்றபோது லேம்பர்ட்டுக்கு வயது 27. முதல் கதையை இயக்கியவரும் இளைஞரே: லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன். ‘வெரிட்டி!’ 2014-ல் ஹியூகோ விருதின் சிறந்த ரசிகர் வலையொலிப் பிரிவில் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். ஒருவர் விரும்பும் கதையை இன்னொருவர் வெறுக்கிறார், ஆனாலும் குரல் உயர்வதில்லை.

குறை இல்லாமல் இல்லை. 25 நிமிட அங்கத்தைப் பற்றி 2 மணி நேரம் பேசும் வலையொலிகள் உண்டு. பாதி நேரம் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள், வெளியாள் விழிப்பார். காட்சித் துண்டுகளையும் இசையையும் இஷ்டம்போல் போட உரிமைச் சிக்கல் இருப்பதால், சிலர் வேறு உத்தி வைத்திருக்கிறார்கள். “மூன்று, இரண்டு, ஒன்று” என்று எண்ணியதும் நேயர் தன் வீட்டில் வட்டை ஓடவிட வேண்டும். அவர்களும் அங்கே ஓடவிட்டு, கூடவே பேசிக்கொண்டு போவார்கள். தனியாகப் பார்ப்பவருக்குப் பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

பழைய பிரச்சினை இங்கேயும் தலைகாட்டுகிறது. வலையொலியின் கோப்புகள் ஏதோ ஒரு சேவையகத்தில் மாதக் கட்டணத்தில் கிடப்பவை. நடத்துபவர் ஓய்ந்து கட்டணத்தை நிறுத்தினால் பல ஆண்டுப் பேச்சு ஒரே நாளில் போய்விடும். பிடித்த அங்கத்தைத் தங்கள் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் நேயர்கள், 1960களில் ஒலிவாங்கி பிடித்தவர்களின் வேலையைத்தான் தொடர்கிறார்கள்.

நகைச்சுவைக் கலைஞரும் தீவிர ரசிகருமான டோபி ஹேடோக் 2013-ல் தொடங்கிய ‘ஹூஸ் ரவுண்ட்’ இங்கே முக்கியமானது. தொடரின் ஒவ்வொரு கதையிலும் பணியாற்றிய ஒருவரையாவது சந்தித்து நினைவுகளைப் பதிவது அதன் நோக்கம். நாயகர்களை மட்டும் அவர் தேடவில்லை. ஒரே ஒரு காட்சியில் வந்துபோன நடிகர்களையும் திரைக்குப் பின்னால் வேலை செய்தவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். பலர் அப்போதே முதியவர்கள், சிலர் இன்று உயிருடன் இல்லை. அவர்கள் நடித்த அங்கம் அழிந்துபோயிருந்தாலும், அதைப் பற்றி அவர்கள் சொன்னது அவர்கள் குரலிலேயே பதிவாகியிருக்கிறது.