இணையர் ஆலோசனையில் மரபுசார் ஆண்மை

இணையர் ஆலோசனையில் மரபுசார் ஆண்மை என்பது, ஆண் இவ்வாறுதான் நடந்துகொள்ள வேண்டும் எனச் சமூகம் வகுத்துள்ள எதிர்பார்ப்புகள், கணவன் மனைவி பிணக்கிலும் அதற்கான உளவள ஆலோசனையிலும் செலுத்தும் தாக்கத்தைக் குறிக்கும். பொருளீட்டல், துயரை வெளிக்காட்டாமை, பிறர் உதவியை நாடாமை, இறுதி முடிவு தனதே எனக் கருதுதல் ஆகியன இவற்றுள் முதன்மையானவை.

உளவியல் நோக்கு

அமெரிக்க உளவியலாளர் ரொனால்டு லெவன்ட், உணர்ச்சிகளைச் சொற்களால் வெளியிட இயலாமை பல ஆண்களிடம் வளர்ப்பு முறையால் உருவாகிறது என விளக்கினார். மனைவி பேச வற்புறுத்துவதும் கணவன் மௌனமாக விலகுவதும் பிணக்குகளில் அடிக்கடி காணப்படும் சுழற்சியாகும். 1980களில் சூ ஜான்சன், லெஸ்லி கிரீன்பர்க் ஆகியோர் உருவாக்கிய உணர்ச்சிமையச் சிகிச்சை, இருவரில் ஒருவரைக் குற்றவாளியாக்காது இச்சுழற்சியையே சிக்கலாகக் கருதுகிறது.

இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும்

விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையத்தில் நூற்பாலைகளும், அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெசவும் முக்கிய தொழில்களாகும். மனைவியும் ஊதியம் ஈட்டும் இல்லங்களில், குடும்பத்தைக் காப்பவன் கணவன் மட்டுமே என்னும் எண்ணம் மாறாதிருப்பின் பிணக்கு தோன்றக்கூடும். மாவட்ட முதன்மை நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் அமைந்துள்ளது. மணவழக்குகளில் இணக்கத்துக்கு முயல்வதை 1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் 1984 ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமும் நீதிமன்றத்தின் கடமையாக்கியுள்ளன. எனினும் வழக்கின் ஒரு படியாக ஆலோசனைக்கு வருபவர், அதனை விசாரணையாகக் கருதி வாதாட முற்படலாம்.

மரபின் வேறு முகங்கள்

மரபு ஒற்றைத் தன்மை உடையதன்று. திருக்குறள் பிறன்மனை நோக்காத தன்னடக்கத்தையே பேராண்மை என்கிறது. ஊடலில் தோற்றவரே வென்றவர் எனவும் கூறுகிறது. திருவில்லிபுத்தூர் ஆடிப்பூர விழாவின் சயன சேவையில், ரங்கமன்னார் ஆண்டாளின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொள்கிறார். ஆண் சாய்ந்து இளைப்பாறுதலும் மரபில் உள்ளதே என்பதற்கு இது சான்றாகும். இத்தகைய கூறுகளை ஆலோசகர் எடுத்தாளும்போது, தம் பெருமை பறிக்கப்படுவதாகக் கணவர் அஞ்ச வேண்டியதில்லை. மாறாக, பெரியார் 1928 இல் குடிஅரசு இதழில், பெண்கள் விடுதலை பெற ஆண்மை என்னும் கருத்தே அழிய வேண்டும் என எழுதினார்.

வரம்பு

வன்முறை உள்ள இடத்தில் அதனை இருவரின் சுழற்சியாகக் கருதுதல் தவறாகும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2006 இல் இயற்றப்பட்ட விதிகளின்படி, ஆலோசனையின்போது எதிர்மனுதாரர் தம் வன்முறைக்கு நியாயம் கற்பிக்க இயலாது. மேலும், அத்தகைய வன்முறையில் ஈடுபடுவதில்லை என அவர் ஆலோசகரிடம் உறுதிமொழி அளிக்கவேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.