காயத்தை அளப்பது யார்?

வன்கொடுமைப் புகாரோடு காவல் நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் நம்மிடம் முதலில் கேட்கப்படுவது, "காயம் எங்கே?" என்பதுதான். இதே கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோன ஒரு சிறைவாசியின் வழக்கை இந்த நினைவு நாளில் பேச விரும்புகிறோம்.

லூசியானா மாநிலத்தின் அங்கோலா சிறை ஒரு காலத்தில் அடிமைகள் உழைத்த பண்ணை. அடிமைகள் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கப் பகுதியின் பெயரே அதன் பெயர். 1865இல் அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தம், குற்றத்துக்கான தண்டனையாக மட்டும் கட்டாய உழைப்பை விட்டுவைத்தது. பண்ணை சிறையானது, வயல் வேலை நிற்கவில்லை.

அங்கே 1983 அக்டோபர் 30 அன்று கீத் ஹட்சன் என்ற சிறைவாசிக்கும் மெக்மிலியன் என்ற காவலருக்கும் வாக்குவாதம். கைவிலங்கும் கால்விலங்கும் பூட்டி அழைத்துச் செல்லும் வழியில் மெக்மிலியன் அவரது முகத்திலும் மார்பிலும் வயிற்றிலும் குத்தினார். இன்னொரு காவலர் அவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து உதைத்தார். பார்த்து நின்ற மேலதிகாரி தடுக்கவில்லை. முகம் வீங்கியது, பற்கள் ஆடின, பொய்ப்பல் தகடு விரிசல் கண்டது.

ஹட்சன் கையிலெடுத்தது 1871ஆம் ஆண்டுச் சட்டம். விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கு கிளக்ஸ் கிளான் வன்முறையிலிருந்து காக்க இயற்றப்பட்டது அது. விசாரணையில் அவருக்கு 800 டாலர் இழப்பீடு கிடைத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ, அடித்தது தேவையற்றது என்று ஒப்புக்கொண்டே, காயம் சிறியது என்று சொல்லி அதைப் பறித்தது.

1992 பிப்ரவரி 25 அன்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அதைத் திருத்தியது. தீங்கு செய்யும் வன்மத்தோடு அடித்தால், காயம் பெரிதாக இல்லாவிட்டாலும் அது கொடூரத் தண்டனையே என்று நீதிபதி ஓ'கானர் எழுதினார். மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர், அன்று அந்த நீதிமன்றத்தில் இருந்த ஒரே கறுப்பின நீதிபதியான கிளாரன்ஸ் தாமஸ். பிரதிநிதித்துவத்துக்காகப் போராடும் நாம் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நாற்காலி நமக்கு வேண்டும். ஆனால் நாற்காலி மட்டும் போதாது.

வெற்றி முழுமையானதல்ல. வன்மத்தை நிரூபிக்கும் சுமை சிறைவாசியின் தலையில்தான் இருக்கிறது. 1996இல் வந்த சட்டம், சிறைக்குள்ளேயே முறையிட்டு முடித்த பிறகுதான் நீதிமன்றப் படியேறலாம் என்றது. யார் அடித்தார்களோ அவர்களுடைய அலுவலகத்திலேயே முதல் மனு! கீழமை நீதிமன்றங்கள் பழைய கேள்விக்கே திரும்பியதால், 2010இல் உச்ச நீதிமன்றம் அதே பாடத்தை மீண்டும் சொல்ல நேர்ந்தது.

நம் நாட்டிலும் திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா, சக கைதி சித்திரவதைக்கு உள்ளானதைப் பற்றி எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. சிறைக் கையேடுகள் சாதிவாரியாக வேலை பிரித்த விதிகள் வீழ, 2024 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மாணவத் தோழர்களே, புகார் எழுதும்போது காயத்தை மட்டும் எழுதாதீர்கள். யார் அடித்தார், யார் பிடித்தார், யார் பார்த்துக்கொண்டு நின்றார் என்று எழுதுங்கள். வீக்கம் வடிந்துவிடும்; எழுதியது நிற்கும்.