ஒளிநாடாவில் வளர்ந்த ரசிகர்கள்

கண்டு முடித்ததும் கைவிட்டுப் போவதே நெடுங்காலம் திரைப்படத்தின் இயல்பாக இருந்தது. நூலைப் பின்னோக்கிப் புரட்டலாம். உவந்த பாடலை மனனம் செய்யலாம். படத்தையோ அரங்கில் ஓடும்வரைதான் காண இயலும். அரங்கைவிட்டு அகன்ற படம் மீண்டும் திரையிடப்படும் நாளுக்காகவோ, தொலைக்காட்சி நிலையத்தார் மனமிரங்கும் நாளுக்காகவோ ரசிகன் காத்திருந்தான். அமெரிக்காவில் 1939இல் வெளிவந்த ‘தி விசார்டு ஆஃப் ஓஸ்’ 1956இல் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் காட்டப்பெற்றது. 1959 முதல் பெரும்பாலும் ஆண்டுக்கொருமுறை அது ஒளிபரப்பானபோது குடும்பங்கள் அந்த நாளைத் திருவிழாவைப் போல் எதிர்நோக்கின. டிஸ்னி நிறுவனமோ தன் சித்திரப்படங்களை ஏறத்தாழ ஏழாண்டுக்கொருமுறை அரங்குகளுக்கு அனுப்பி, இடைப்பட்ட காலத்தில் பூட்டி வைத்தது. காத்திருத்தலும் நினைவில் வைத்திருத்தலுமே அக்கால ரசனையின் இரு கால்கள் எனலாம்.

இந்நிலையை வீட்டு வீடியோ மாற்றியது. அதன் வரலாறு பல நாடுகளுக்கும் உரியதே. எனினும் வழக்கும் வாதமும் சட்டமுமாகப் பதிவுகள் நிறைந்திருப்பது அமெரிக்காவில்தான் என்பதால் அந்நாட்டு நிகழ்ச்சிகளை இங்கு நோக்குவது பொருந்தும்.

ஜப்பானின் சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமேக்ஸ் என்னும் பதிவுக்கருவியை அறிமுகப்படுத்தியது. அதன் தொடக்கக்கால நாடா ஒருமணி நேரமே ஓடும். ஒரு முழுப்படம் அதில் அடங்காது. மறு ஆண்டில் ஜே.வி.சி. நிறுவனம் கொணர்ந்த வி.எச்.எஸ். நாடாவோ இரண்டு மணி நேரம் ஓடியது. காட்சித் தெளிவில் முன்னதே மேலானது என்று வாதிட்டவர் பலர். ஆயினும் பின்னதே வீடுகளில் குடியேறியது. காரணங்கள் பலவாயினும், ஒரு படத்தை முழுமையாக ஏற்கும் நாடா என்பது அவற்றுள் தலையாயது. 1976இல் யுனிவர்சல், டிஸ்னி ஆகிய நிறுவனங்கள் சோனியின்மீது வழக்குத் தொடுத்தன. திரைப்படத் தயாரிப்பாளர் சங்கத்தின் தலைவர் ஜாக் வலென்டி 1982இல் நாடாளுமன்றக் குழுவின்முன் பேசியபோது, தனித்திருக்கும் பெண்ணுக்குக் கொலைகாரன் எப்படியோ அப்படியே படத்தொழிலுக்கு இக்கருவி என்று கூறும் அளவிற்குச் சென்றார். 1984 சனவரி 17 அன்று உச்சநீதிமன்றம், வேறொரு நேரத்தில் காண்பதற்காக வீட்டில் பதிவு செய்துகொள்வது நேரிய பயன்பாடே என்று 5க்கு 4 என்ற வாக்கில் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதி மாறி நின்றிருப்பின் இக்கட்டுரைக்குப் பொருளே இல்லாமற் போயிருக்கும். வழக்கில் தோற்ற நிறுவனங்கள் அடுத்த சில ஆண்டுகளிலேயே அரங்குகளைக் காட்டிலும் வீடியோவில் மிகுதியாக ஈட்டத் தொடங்கின என்பது வேறு செய்தி.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வாணிகம் தொடங்கிவிட்டது. மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஆண்ட்ரே பிளே என்பவர் 1977இல் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் ஐம்பது படங்களைக் கேசட்டில் விற்கும் உரிமையைப் பெற்றார். அவற்றை வாங்கி லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் முதன்முதலாக வாடகைக்கு விட்டவர் ஜார்ஜ் அட்கின்சன். விற்ற பொருளின் ஒரு படியை வாங்கியவர் தம் விருப்பப்படி பிறருக்குக் கொடுக்கலாம் என்ற பதிப்புரிமைச் சட்டவிதி அவருக்குத் துணை நின்றது. நூலகம் நூலை இரவல் தருவதற்கு அடிப்படையான விதியே அது. ஆக, வீடியோ வாடகைக் கடை என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு நூலகமாகவே பிறந்தது.

கண்ணில் மட்டுமன்று, விளைவிலும் அவ்வாறே ஆயிற்று. 1980களில் வளர்ந்த குழந்தைகள் ஒரே படத்தை இருபது முறை, முப்பது முறை கண்டனர். உரையாடல்கள் அவர்களுக்கு மனனமாயின. விரும்பிய இடத்தில் நிறுத்தவும், பின்னோட்டவும், மீண்டும் காணவும் கற்றனர். அதுவரை கேட்போரைப் போன்றிருந்த படம் காண்போரை நாடா வாசகராக்கிற்று. நாடாவும் அவ்வாசிப்பின் சுவட்டைத் தாங்கியது. பலர் ஒரே இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கண்ட கேசட்டில் அவ்விடத்துக் காந்தப்பூச்சுத் தேய்ந்து, கோடுகளும் நடுக்கமும் தோன்றும். இன்ன காட்சி வரப்போகிறது என்பதை, முன்பு பார்த்தோர் விட்டுச்சென்ற அந்த நடுக்கமே அறிவித்துவிடும். பலர் கைபட்டு முனை மழுங்கிய ஏட்டுக்கும் அதற்கும் வேறுபாடு மிகுதியில்லை.

அரங்கில் தோற்ற படங்களுக்கு இவ்வாசகர்களே மறுவாழ்வு தந்தனர். 1982இல் வெளியாகி வரவேற்புப் பெறாத ‘பிளேடு ரன்னர்’, ‘தி திங்’ ஆகியவை நாடாவின் வழியே புகழ்பெற்றன. 1994இல் அரங்குகளில் காற்றாடிய ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ மறு ஆண்டில் அமெரிக்காவில் மிகுதியாக வாடகைக்கு எடுக்கப்பட்ட படமாயிற்று. வாடகைக் கடை படைப்பாளரையும் உருவாக்கியது. மன்ஹாட்டன் பீச் என்னும் கடற்கரை ஊரில் ‘வீடியோ ஆர்க்கைவ்ஸ்’ கடையில் எழுத்தராக இருந்த குவென்டின் டாரன்டினோ 1992இல் தம் முதற்படத்தை வெளியிட்டார். அக்கடை மூடப்பட்டபோது அதன் நாடாக்களை அவரே விலைக்கு வாங்கிக்கொண்டார்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காது சொல்லவேண்டும். இத்தலைமுறை நேசித்தது பழுதுற்ற பாடத்தை. அகன்ற திரைக்கென எடுக்கப்பட்ட படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியின் சதுரத்துள் அடக்க இருமருங்கையும் வெட்டினர். எப்பாதி தெரியவேண்டும் என்பதை இயக்குநர் முடிவு செய்யவில்லை. நாடாவுக்கு மாற்றிய தொழில்நுட்பப் பணியாளர் முடிவு செய்தார். இருவர் உரையாடும் காட்சியில் ஒருவர் மூக்கும் மற்றவர் குரலும் மட்டும் எஞ்சின. வுடி ஆலன் தம் ‘மன்ஹாட்டன்’ படத்தை மேலும் கீழும் பட்டையிட்டு முழு அகலத்துடன் வெளியிடச் செய்தது அக்காலத்தில் அரிய விதிவிலக்கு. வண்ணம் மங்கி, ஒலி குறைந்து, விளிம்பு வெட்டுண்டு வந்ததையே குழந்தைகள் மூலம் என்று நம்பினர். பின்னர் முழுமையான படத்தைக் கண்டபோது அதுவே சிலருக்கு அயலாகத் தோன்றிற்று. பழைமை ஏக்கம் என்பது பெரும்பாலும் பிழையின்மீது கொண்ட காதலே என்று எள்ளி நகையாடுவோர்க்கு இது போதிய சான்று.

ஆனால் அந்த எள்ளல் பாதி உண்மையே. பழைய படியை விடாது பற்றியிருந்தவர்களே பாடபேதத்தைக் கண்டறிந்தனர். உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பிப்பதற்குமுன் ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டு நோக்கிய உழைப்பைத் தமிழுலகம் நன்கறியும். அத்தகைய ஒப்புநோக்கலை, அந்தப் புலமையும் பயிற்சியும் இல்லாமல், ஆர்வம் ஒன்றையே முதலாகக் கொண்டு நாடா ரசிகர்கள் செய்தனர். ‘பிளேடு ரன்னர்’ படத்தின் அமெரிக்க அரங்கப் பாடம் ஒன்று. வன்முறைக் காட்சிகள் சற்று நீண்ட அயல்நாட்டுப் பாடம் ஒன்று. 1992இல் கதைத்தலைவனின் பின்னணிப் பேச்சு நீக்கப்பெற்ற பாடம் வந்தது. 2007இல் இயக்குநர் ரிட்லி ஸ்காட் இறுதியென அறிவித்த பாடம் வந்தது. பின்னணிப் பேச்சு படத்தைக் கெடுத்தது என்பதே திறனாய்வாளர் பலரின் துணிபு. ஆயினும் அப்பேச்சோடு படத்தை மனனம் செய்தவர்க்கு அது இல்லாத இடங்களில் வெறுமை கேட்டது. 2007இல் நான்கு பாடங்களும் சேர்த்தே வெளியிடப்பட்டதால் பூசல் எழவில்லை.

‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் கதை அவ்வாறு முடியவில்லை. 1977இல் வந்த அப்படத்தை 1997இல் ஜார்ஜ் லூகாஸ் புதிய காட்சிகளும் கணினி உருவங்களும் சேர்த்துத் திருத்தி வெளியிட்டார். மேசைக்கடியில் துப்பாக்கியை நீட்டி எதிரியைச் சுட்டுவிடும் ஹான் சோலோ, திருத்திய பாடத்தில் எதிரி சுட்டுக் குறிதவறிய பின்னரே சுடுகிறான். மாறியது சில நொடிக் காட்சி. ஆனால் ஒரு மாந்தனின் குணமே மாறிவிட்டது. முந்தைய பாடம் 1995இல் கேசட்டாக வந்தபோதே இதுவே இறுதி வாய்ப்பு என்று விளம்பரம் செய்யப்பட்டது. 2006இல் குறுந்தட்டில் ஓர் இணைப்பாக மட்டும், பழைய லேசர்த்தட்டுக்கென எடுத்த படியிலிருந்து, தரங்குறைந்த நிலையில் அது வெளிவந்தது. பழங்கேசட்டுகளைத் தேடியும், தனியாரிடமிருந்த படச்சுருள்களை மின்படியாக்கியும் ரசிகர் குழுக்கள் தாமே முதற்பாடத்தை மீட்டெடுக்க முற்பட்டன. இதே லூகாஸ் 1988இல், பழம்படங்களுக்குப் பிறர் வண்ணம் பூசுவதை எதிர்த்து நாடாளுமன்றத்தில் சான்று பகர்ந்தவர். அதனை முரண் என்று அவர் கருதியிருக்கமாட்டார். பிறர் கைவைப்பது வேறு, ஆக்கியோனே திருத்துவது வேறு என்பது அவர் கட்சி. அக்கட்சி எளிதில் தள்ளத்தக்கதன்று. தம் பழங்கவிதையை மறுபதிப்பில் திருத்தாத கவிஞர் எத்தனை பேர்? ஆனால் கவிஞர் திருத்தினாலும் முதற்பதிப்பு நூலகத்தில் இருக்கும். முதற்பதிப்பை அலமாரியிலிருந்தே எடுத்துவிடும் உரிமை ஆக்கியோனுக்கும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1977இல் அரங்கில் ஓடிய படத்தின் தொடக்க வாசகத்தில் ‘நான்காம் அத்தியாயம்’ என்ற குறிப்பே கிடையாது. 1981 மறுவெளியீட்டில்தான் அது சேர்க்கப்பட்டது. வீட்டுக் கேசட்டு வந்ததோ அதற்குப் பின். ஆகவே ரசிகர்கள் முதற்பாடமெனப் போற்றிக் காத்ததே இரண்டாம் பதிப்பு. 1977ஆம் ஆண்டின் படச்சுருளே 2025 சூன் திங்களில் இலண்டனில் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவன விழாவில் திரையிடப்பட்டபோது, நாடாவில் வளர்ந்தவர்க்கு அதுவும் ஒரு புதிய பாடமே.

நாடாவின் காலம் விரைவில் கழிந்தது. குறுந்தட்டு வந்தபின், 2006க்குப் பின்னர்ப் பெருநிறுவனப் படங்கள் நாடாவில் வருவது நின்றது. ஃபுனாய் நிறுவனம் உதிரிபாகங்கள் கிடைக்காமையால் 2016 சூலையில் கருவி உற்பத்தியையும் நிறுத்தியது. 2004இல் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட கடைகளைக் கொண்டிருந்த பிளாக்பஸ்டர் நிறுவனம் 2010இல் நொடிப்புக்கு விண்ணப்பித்தது. 2019இல் அப்பெயரில் எஞ்சியது ஓரிகன் மாநிலத்துப் பெண்டு நகரக் கடை ஒன்றே. மறு ஆண்டு செப்டம்பரில் அக்கடைக்குள் 1990களின் வரவேற்பறையைப் போல் ஓரிடம் அமைத்து, உள்ளூரார் இரவு தங்கிப் படம் பார்க்க நான்கு டாலருக்கு இடம் தந்தனர். இந்த ஏக்கத்தில் மறதியும் கலந்திருக்கிறது. ‘தி லாஸ்ட் டெம்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்’ படத்தை வைக்க மறுத்ததும், வயது வந்தோர்க்கு மட்டும் எனக் கடுஞ்சான்று பெற்ற படங்களை விலக்கியதும் அதே நிறுவனம்தான்.

அது விலக்கியவற்றுக்கு இடம் தந்தவை சிறு கடைகள். கொரியாவிலிருந்து குடியேறிய யாங்மேன் கிம் 1987இல் நியூயார்க்கில் தம் சலவைக்கடையில் தொடங்கிய ‘கிம்ஸ் வீடியோ’ ஐம்பத்தையாயிரம் தலைப்புகளாக வளர்ந்தது. கடையை மூட நேர்ந்தபோது, தொகுப்பைச் சிதறவிடாமல் காத்து, பழைய உறுப்பினர்க்கும் திறந்துவைப்போர்க்கு அதை அளிப்பதாக அவர் அறிவித்தார். தொகுப்பு சிசிலித் தீவின் சலேமி என்னும் சிற்றூருக்குச் சென்றது. அங்குப் பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2022இல் நியூயார்க்குக்குத் திரும்பியது. யேல் பல்கலைக்கழக நூலகம் 2015இல் ஏறத்தாழ 2,700 நாடாக்களைத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. அவற்றுள் பெரும்பாலானவை மலிவான திகிற்படங்கள். எந்தத் திறனாய்வாளரும் காக்கத்தக்கவையென அன்று கூறியிராதவை.

லூகாஸின் நண்பர் ஸ்டீவன் ஸ்பில்பெர்க்கும் ஒருமுறை தம் படத்தைத் திருத்தினார். 1982இல் வந்த ‘இ.டி.’ 2002இல் மறுவெளியீடு பெற்றபோது, சிறுவர்களைத் துரத்தும் அரசுக் காவலர் கையிலிருந்த துப்பாக்கிகளை அழித்துப் பேசுகருவிகளை வரைந்து சேர்க்கச் செய்தார். பின்னர் அதற்காக வருந்துவதாக வெளிப்படையாகவே கூறினார். 2012இல் 1982ஆம் ஆண்டுப் பாடமே மீண்டும் வெளியிடப்பட்டது. அப்படம் முதன்முதல் வீட்டுக்கு வந்தது 1988இல். போலிப் படிகளை இனங்காண உதவும் பொருட்டு அதன் கேசட்டில் நாடாவைக் காக்கும் மூடி பச்சை நிறத்தில் செய்யப்பட்டிருந்தது. அந்தப் பச்சை மூடிக் கேசட்டுகளில், அழித்ததும் மீட்டதுமான அத்தனை ஆண்டுகளிலும், காவலர் கையில் துப்பாக்கிகள் அப்படியே இருந்தன.