கடல் புறா: அப்பா தாண்டிச் சென்ற பக்கங்களும் கடாரத்து வரலாறும்



2014ஆம் ஆண்டு, நான் அப்போது பணியாற்றிய தமிழ்ப்பள்ளியில், சாண்டில்யனின் 'கடல் புறா'வை நூல்நிலையத்தில் வைத்திருக்கலாமா, கூடாதா என்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி முதற்பாகத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்றிருந்தாள். கையில் கிடைத்த எதையும் விடாமல் படிக்கும் பிள்ளை அவள். அவளுடைய தந்தை தற்செயலாகப் புரட்டிய பக்கத்தில் காஞ்சனாதேவியின் வருணனை இருந்திருக்கிறது. மறுநாள் காலையிலேயே நூலைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் பள்ளி அலுவலகத்துக்கு வந்துவிட்டார். (சுற்றியிருந்த தாளின் சினிமாப் பக்கத்தில் அச்சாகியிருந்த நடிகையின் படம் அவ்வருணனையைவிட எவ்வகையிலும் அடக்கமானதன்று. அதை அன்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.)

அந்த வாரம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இந்நூலே முதற்பொருளாயிற்று. மூத்த ஆசிரியர் ஒருவர், இந்நாட்டில் ஒரு தலைமுறையே தமிழ் படித்தது சாண்டில்யனால்தான் என்று உணர்ச்சியோடு பேசினார். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இருக்கும்போது இது எதற்கு, அதைக் குடும்பத்தோடு அமர்ந்து படிக்கலாமே என்றார் மற்றொருவர். இளம் ஆசிரியை ஒருவரின் எதிர்ப்பு வேறு வகையானது. காமம் இருப்பது பற்றி அவருக்கு வருத்தமில்லை. பெண்ணை இடை, நடை, கழுத்து, விழி என்று துண்டு துண்டாக நிறுத்திவைத்து ஆடவன் ஒருவன் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அருவருப்பாக இருக்கிறது என்றார். தாய்மார் பக்கத்திலிருந்து ஒருவர், "எங்க வீட்டுல எதையாவது தமிழ்ல படிச்சா போதும், டீச்சர்" என்று மட்டும் சொல்லி அமர்ந்துவிட்டார். முடிவில் மூன்று பாகங்களும் ஆசிரியர் அறை அலமாரிக்கு மாற்றப்பட்டன. சாவி என்னிடம் கொடுக்கப்பட்டது.

சாவி என் கைக்கு வந்தபோது எனக்கு என் தந்தையின் நினைவு வந்தது.

பீடோங்கை அடுத்த ரப்பர் தோட்டமொன்றில் என் பெற்றோர் பால்மரம் வெட்டியவர்கள். தமிழகத்திலிருந்து தாமதமாக வந்து சேரும் குமுதம் இதழ்களிலிருந்து 'கடல் புறா' தொடரின் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, தோட்டத்துக் கிராணி ஒருவர் சாக்கு ஊசியால் தைத்து வைத்திருந்தார். அத்தொகுப்பு லயம் லயமாகச் சுற்றி, 1970களின் நடுவில் எங்கள் வீட்டுக்கும் வந்தது. எழுத்தறிந்தவர் சிலரே ஆகையால் அப்பாதான் இரவில் உரக்கப் படிப்பார். ஆண்கள் வாசற்படியிலும் பெண்கள் அடுப்படிப் பக்கமுமாக அமர்ந்து கேட்பார்கள். பாய்மரம், புயல், முற்றுகை என்றால் அப்பாவின் குரல் ஏறும். கதாநாயகன் கருணாகரன் தனியறையில் காஞ்சனாதேவியைச் சந்திக்கும் இடம் வந்தாலோ, தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டுவார். அடுத்த வரியில் பொழுது விடிந்திருக்கும்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆயினும் கதையில் இரவொன்று காணாமற்போவதை அவர் கவனித்தே இருந்தார். ஒருநாள் பிற்பகல் அப்பா இல்லாத வேளையில் என்னை அழைத்து, "ராத்திரி அப்பா தாண்டினாருல்ல, அந்தப் பக்கத்தைப் படி, பார்க்கலாம்" என்றார். எனக்கு அப்போது வயது பத்து. பொருள் விளங்காத சொற்களை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தேன். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "இம்புட்டுத்தானா! இதுக்கா இவரு இப்படி இருமுறாரு" என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கப் போய்விட்டார். சாண்டில்யனின் சிருங்காரத்தைப் பற்றி நான் கேட்ட முதல் விமர்சனம் அதுவே. பின்னாளில் கேட்ட பலவற்றைவிட அது சரியானதென்றே இன்றும் கருதுகிறேன்.

சாண்டில்யன் 1910இல் பிறந்து 1987இல் மறைந்தவர். இயற்பெயர் பாஷ்யம். சுதேசமித்திரனில் பத்திரிகையாளராகப் பணியாற்றியவர். 'யவன ராணி', 'கன்னி மாடம்', 'ராஜ முத்திரை', 'ஜல தீபம்' என நீளும் அவருடைய நாவல்களில், மலேசியத் தமிழர் தம் சொந்தக் கதையாகவே எடுத்துக்கொண்டது 'கடல் புறா'. காரணம் வெளிப்படை. கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில் தொடங்கும் அக்கதை கடல் கடந்து நம் கெடாவாகிய கடாரத்துக்கும் சொர்ணத்தீவாகிய சுமத்ராவுக்கும் வந்துவிடுகிறது. கதாநாயகி கடாரத்து இளவரசி; இரண்டாம் நாயகி மஞ்சளழகியும் இக்கடற்பகுதியைச் சேர்ந்தவளே. இறுதியில் கருணாகரன் இருவரையுமே மணக்கிறான். எங்கள் தோட்டத்தில் ஆண்கள் இம்முடிவை வெகுவாகப் பாராட்டியதாகவும், பெண்கள் ஒருவரும் பாராட்டவில்லை என்றும் அம்மா சொல்வார்.

ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஓர் உண்மை இங்கே உண்டு. கருணாகரத் தொண்டைமான் கற்பனைப் பாத்திரம் அல்லன். முதற் குலோத்துங்கனின் படைத்தலைவனாக ஏறத்தாழ 1110ஆம் ஆண்டில் கலிங்கத்தை வென்றவன் அவன்; அப்போரைப் பாடியதே செயங்கொண்டாரின் 'கலிங்கத்துப் பரணி'. வண்டை நகர்க்கு உரியவன் என்று அந்நூல் அவனைக் குறிக்கிறது. அவன் இளமையில் கடாரம் வந்தான் என்பதற்கோ, கடற்கொள்ளைத் தலைவனாக வாழ்ந்தான் என்பதற்கோ, கடாரத்து இளவரசியை மணந்தான் என்பதற்கோ சான்று கிடையாது. போருக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் முன்னே சென்று, வரலாறு வாய்திறவாத ஓர் இளமையை அவனுக்கு ஆக்கித் தந்தவர் சாண்டில்யன். நாவலாசிரியர்க்கு அவ்வுரிமை உண்டு. அதை வரலாற்றுப் பாடமாக எண்ணிக்கொள்வது படிப்பவர் பிழை.

சாண்டில்யனைக் கொச்சை என்பவர்க்கு நான் கேட்க விரும்புவது ஒன்று: அந்தப் பரணியை முழுதாகப் படித்ததுண்டா? கடவுள் வாழ்த்து முடிந்ததும் வருவது கடைதிறப்பு. ஊடலால் கதவடைத்த மகளிரை விளித்து, கதவைத் திறவுங்கள் என்று பாடும் அப்பகுதி, புணர்ச்சியும் ஊடலும் நகக்குறியும் பற்றிப் பேசுவதில் எந்தத் தொடர்கதைக்கும் இளைத்ததன்று. பிணமும் பேயும் நிறைந்த போர்க்களக் காவியத்தின் வாயிலில் புலவர் அதை நிறுத்தியிருக்கிறார். நான் படித்த காலத்தில் எங்கள் விரிவுரையாளர் கடைதிறப்பை "நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டு நேரே காளி கோயிலுக்குப் போய்விட்டார். அவரும் என் அப்பாவைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டார் என்பது நினைவிருக்கிறது.

எனினும் செயங்கொண்டாரையும் சாண்டில்யனையும் ஒரே தட்டில் வைக்க நான் துணியவில்லை. பரணியில் காமம் ஒரு பகுதியோடு நின்று, பின் கதை வேறு திசையில் விரைகிறது. 'கடல் புறா'விலோ போர்த்திட்டம் ஒன்று சூடுபிடிக்கும்போதெல்லாம் ஒரு பெண் வந்து நிற்க, கதை அவளைச் சுற்றிவந்த பிறகே மேலே செல்கிறது. வாரந்தோறும் வாசகரை நிறுத்திவைக்க வேண்டிய தொடர்கதைக்கு அது தேவையாயிருந்திருக்கலாம். நூலாகத் தொடர்ந்து படிக்கும்போது அதே வருணனை ஐந்தாம் முறை வருகையில் சலிப்பே மிஞ்சுகிறது. இளம் ஆசிரியையின் குறையில் நியாயம் உண்டென்பது என் முடிவு. காஞ்சனாதேவிக்கு வாள் வீசத் தெரியும், அரசியல் தெரியும் என்று ஆசிரியர் சொல்கிறார். ஆனால் அவள் பேசும் நேரத்தைவிடப் பார்க்கப்படும் நேரமே அதிகம்.

இவ்வளவு பேசிய கூட்டத்தில் ஒருவரும் எழுப்பாத கேள்வி ஒன்று இருந்தது. கடாரத்தைச் சோழர் தாக்கினார்களே, அது சரியா என்பதே அது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1006ஆம் ஆண்டளவில் கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் தொடங்கி அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் முடித்த பௌத்த விகாரம் நாகப்பட்டினத்தில் எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே இராசராசன் கொடையாக அளித்தான். நட்பு அவ்வளவு நெருக்கமாயிருந்தது. ஏறத்தாழ 1025இல் அவன் மகன் இராசேந்திரனின் கப்பற்படை வந்து சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்தது. சீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று வெல்லப்பட்ட இடங்களை அவனது மெய்க்கீர்த்தி அடுக்குகிறது. கைப்பற்றிய பொருட்குவையையும் யானைகளையும் நகர்வாயில் தோரணத்தையும் மறவாமல் சொல்கிறது. வெற்றி என்று நாம் பாடுவது இதைத்தான். கொள்ளை என்று அந்நகரத்தார் சொல்லியிருப்பார்கள். ஏறத்தாழ 1068இல் வீரராசேந்திரன் மீண்டும் கடாரத்தை வென்று, தன்னை அடைந்து வேண்டிய அரசனுக்கே அதைத் திருப்பித் தந்ததாக அவன் கல்வெட்டு கூறுகிறது. சாண்டில்யனின் கதை இந்த இரண்டாம் படையெடுப்புக் காலத்தில்தான் நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிந்தைய செய்தி. 1090இல் கடாரத்தரசனின் தூதர் இருவர், இராசவித்யாதர சாமந்தனும் அபிமானோத்துங்க சாமந்தனும், குலோத்துங்கனின் அவைக்கு வந்து, நாகப்பட்டினத்து விகாரங்களுக்கு விடப்பட்ட ஊர்களின் வரிவிலக்கு முதலியவற்றைச் செப்பேட்டில் எழுதித் தரும்படி கேட்டுப் பெற்றுச் செல்கிறார்கள். இரண்டு படையெடுப்புகளுக்குப் பின்னும் வாணிகம் தொடர்ந்தது, விகாரம் நின்றது, வரிக்கணக்குப் பேசப்பட்டது. மூன்று பாகத்தில் இப்படியொரு காட்சிக்கு இடமில்லாமற் போயிற்று. வரிவிலக்குக் கேட்க வந்த இரு நடுவயதுத் தூதரை வைத்துத் தொடர்கதை நடத்த முடியாது என்பது எனக்கும் புரிகிறது.

ஆனால் நம் பிள்ளைகள் சீன, மலாய்ப் பிள்ளைகளோடு வாழ்பவர்கள். "இந்த ஊரை நாங்கதான் ஜெயிச்சோம்" என்று எங்கள் மாணவன் ஒருவன் கால்பந்துத் திடலில் சொல்லிச் சண்டை வந்ததை நான் தீர்த்துவைத்திருக்கிறேன். அவன் 'கடல் புறா' படித்தவன் அல்லன். படித்த யாரிடமோ கேட்டவன். அன்று முதல் என் கவலை காஞ்சனாதேவியின் இடையைப் பற்றியது அன்று.

கூட்டம் நடந்த அதே ஆண்டில் ஆறாம் ஆண்டு மாணவரைப் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்றேன். பதினோராம் எண் சண்டி நிலமேம்பாட்டுப் பணியில் இடித்துத் தள்ளப்பட்டதென்று 2013ஆம் ஆண்டு இறுதியில் செய்தி வெளிவந்து, பலரும் கொதித்திருந்த நேரம் அது. மெர்போக் அருங்காட்சியகத்தை ஒட்டி, ஓடைக்கரையில் புக்கிட் பத்து பகாட் சண்டி இருக்கிறது. 1936-37இல் குவாரிச் வேல்சு இப்பள்ளத்தாக்கில் அகழாய்வு செய்தார். இந்தச் சண்டி 1960இல் மீட்டமைக்கப்பட்டது. கருங்கல் அடித்தளமும் தூண் நிறுத்திய கற்களுமே உள்ளன; கூரை மரத்தாலானதாக இருந்து மறைந்துபோயிற்று என்பர். அந்த மாணவி கற்படியில் நின்று சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"டீச்சர், காஞ்சனாதேவி அரண்மனை எங்க இருக்கு?"

அப்படி ஒருத்தி இருந்ததாகச் சான்றில்லை என்றும், இங்கே கிடைத்தவை கோயில்களும் மணிகளும் சீனப் பாண்டத் துண்டுகளும், சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய களங்களுமே என்றும் சொன்னேன். அவள் விடவில்லை.

"இங்க இருந்தவங்க தமிழா பேசினாங்க?"

வணிகர் சிலர் பேசியிருப்பர். ஆயினும் சீவிசயத்தின் ஏழாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் பழைய மலாய் மொழியில் உள்ளன, இப்பகுதியில் கிடைத்த பழைய எழுத்துப்பொறிப்புகள் வடமொழியில் உள்ளன, ஆகவே கடாரத்து இளவரசி பேசியிருக்கக்கூடியது பழைய மலாயாகத்தான் இருக்கும் என்று விளக்கினேன். அவள் சற்று நேரம் யோசித்தாள்.

"அப்போ கருணாகரன் அவ்வளவு நேரம் வருணிச்சது ஒண்ணும் அவளுக்குப் புரிஞ்சிருக்காதே, டீச்சர்!"

உடன் வந்த மாணவிகள் சிரித்த சிரிப்பில் அருங்காட்சியகக் காவலர் எட்டிப் பார்த்தார். பேருந்தில் ஏறும்போது அவள் என் அருகில் வந்து, இரண்டாம் பாகம் என் அலமாரியில்தானே இருக்கிறது என்று தணிந்த குரலில் கேட்டாள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு முடியட்டும், முதலில் உன் அப்பாவிடம் பேசுகிறேன் என்றேன். பேசினேன். தாமும் படித்துவிட்டுத்தான் கொடுப்பேன் என்று சொல்லி, மூன்று பாகங்களையும் அவரே வாங்கிச் சென்றார்.