ஒரு படி அரிசியும் ஓர் அலுவலகமும்

கொச்சிக் கோட்டைத் துறையில் படகேறி அழிமுகத்தைக் கடந்தால், சில நிமிடங்களில் வைப்பின் தீவில் கால் வைக்கிறோம். இத்தீவு கடலும் ஆறும் கூடி மனிதனுக்கு வைத்துக் கொடுத்த நிலம். 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளத்தினால் இது உருவாயிற்று என்பது மரபு. அந்த ஆண்டை முதலாகக் கொண்டு ‘புதுவைப்பு’ என்ற ஆண்டுக் கணக்கும் இங்கே வழங்கி வந்தது. வைப்பு என்னும் சொல்லுக்குச் சேமித்து வைத்த பொருள் என்று தமிழில் பொருள் கொள்கிறோம். சேமித்து வைப்பதற்கு ஆகும் செலவைப் பற்றிச் சிந்திக்க இதைவிடப் பொருத்தமான ஊர் வேறு ஏது?

தீவின் வயல்களில் பொக்காளி என்னும் நெல் விளைகிறது. உவர் நிலத்திலும் வளரக்கூடிய நெல் அது. மழைக்காலத்தில் நெல்லும், அறுவடைக்குப் பின் அதே வயலில் இறாலும் விளைவிப்பது இங்குள்ளோரின் பழக்கம். ஆயினும், நெருக்கமாக மக்கள் வாழும் இத்தீவுக்கு அந்த நெல் போதியதாக இருந்ததில்லை. எதிர்க்கரையிலுள்ள மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் வந்திறங்கிய அரிசியே கொச்சிச் சீமையின் அடுப்பை எரியச் செய்தது. அவ்வரிசியில் தஞ்சையிலிருந்து வந்தது ஒரு பங்கு. கப்பலேறி பர்மாவிலிருந்து வந்தது பெரும்பங்கு.

1942ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. அதனால் முதலில் நிலைகுலைந்தவை கொச்சியும் திருவிதாங்கூருமே. அக்காலத்தில் வைப்பின் தீவின் நிலை விசித்திரமானது. தீவின் பெரும்பகுதி கொச்சி மன்னருடையது. வடகோடியிலுள்ள பள்ளிப்புறத்தை 1789இல் டச்சுக்காரர் திருவிதாங்கூருக்கு விற்றிருந்தனர். அழிமுகத்திற்கு அக்கரையிலுள்ள கோட்டைப் பகுதியோ, சென்னை மாகாணத்தின் மலையாள ஜில்லாவைச் சேர்ந்த பிரிட்டிஷ் கொச்சி. ஒரே காயலைச் சுற்றி மூன்று ஆட்சிகள்! மூட்டை ஒன்று படகில் ஏறி இறங்கினால் ஆட்சியின் எல்லையே மாறிவிடும். ஒவ்வோர் ஆட்சியும் தன் அரிசி வெளியே போகாமல் காக்க முனைந்த அந்நாளில், இது எவ்வளவு பெரிய இடையூறாக இருந்திருக்கும் என்பதை நேயர்கள் எளிதில் ஊகிக்கலாம்.

இவ்விரு சமஸ்தானங்களும் கைக்கொண்ட வழி குறிப்பிடத்தக்கது. பிற இடங்களில் நகரவாசிகளுக்கு மட்டும் பங்கீடு ஏற்பட்டபோது, இங்கே நகரம், நாட்டுப்புறம் என்ற வேறுபாடின்றி மக்கள் அனைவரையும் பங்கீட்டிற்குள் கொண்டுவந்தனர். இதற்கு ஒரு புதிய இலாகாவே வேண்டியிருந்தது. வீடுவீடாகச் சென்று ஆட்களை எண்ண வேண்டும். அட்டை எழுத வேண்டும். விளைந்த நெல்லை அளந்து கொள்முதல் செய்ய வேண்டும். வெளியிலிருந்து அரிசி தருவிக்க வேண்டும். கிடங்கு, வண்டி, தோணி, எடைக்கல், கணக்கன், மேற்பார்வையாளன் எல்லாம் வேண்டும். போர்க்காலத்தில் காகிதமும் அரிது, எண்ணெயும் அரிது. அந்தச் செலவைக் கண்டு எந்த நிதி அதிகாரியும் முகம் சுளித்திருப்பார்.

இச்செலவு துயரம் முழுவதையும் தடுத்துவிட்டது என்று கூறுவது உண்மையாகாது. பங்கீடு மிகச் சொற்பம். திருவிதாங்கூரில் 1943, 1944ஆம் ஆண்டுகளில் பட்டினியும் அதைத் தொடர்ந்த நோய்களும் பலரை மாய்த்தன. இந்திய ஊழியர் சங்கத்தைச் சார்ந்த கே.ஜி. சிவசுவாமி அக்கொடுமைகளை ஆராய்ந்து எழுதி வைத்திருக்கிறார். எனினும் வங்காளத்தில் நேர்ந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பம்பாயில் 1943 மே மாதத்திலேயே பங்கீடு தொடங்கிற்று. கல்கத்தாவிலோ அது 1944 ஜனவரி இறுதியில்தான் வந்தது. நாட்டுப்புறத்து ஏழைகளுக்கு அதுவும் இல்லை. உட்ஹெட் தலைமையில் அமைந்த பஞ்ச விசாரணைக் குழு, மாண்டவர் ஏறத்தாழ 15 லட்சம் என மதிப்பிட்டது. பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் அதனினும் மிகுதி என்பர். உரிய காலத்தில் ஓர் அலுவலகம் அமையாததன் செலவு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் எழுதப்படுவதில்லை. அது சுடுகாட்டுக் கணக்கில் எழுதப்படுகிறது.

போர் முடிந்தது; தேசம் விடுதலை பெற்றது. உணவமைச்சர் ரபி அகமது கித்வாயின் காலத்தில், 1954இல், கட்டுப்பாடுகள் நீங்கின. பங்கீட்டு இலாகாக்கள் சுருங்கின. செலவு மிச்சம் என்று பலரும் மகிழ்ந்தனர். 1957இல் ஆந்திரம், சென்னை, மைசூர், கேரளம் ஆகிய நான்கும் சேர்ந்து தென்னக அரிசி மண்டலமாயின. தஞ்சை நெல்லும் ஆந்திர நெல்லும் தடையின்றிக் கொச்சிக்கு வந்தன. 1964இல் அம்மண்டலம் கலைந்து, மாநிலந்தோறும் தனி மண்டலம் என்று ஆயிற்று. கேரளத்திற்கு மறுபடியும் 1942 திரும்பிவிட்டாற் போலிருந்தது. அவ்வாண்டிலேயே அங்கே பங்கீடு மீண்டும் வந்தது. இருந்த அலுவலகத்தைக் கலைத்து மிச்சம் பிடித்தவர்கள், பத்தாண்டுகளில் அதை மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. 1966இன் தொடக்கத்தில் பங்கீட்டு அரிசி குறைந்தபோது கேரளத்தில் பெருங்கிளர்ச்சி எழுந்ததையும் இங்கே நினைவிற் கொள்ளலாம்.

1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தோன்றியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்டது நம் தஞ்சையில் என்பது தமிழர் அறிந்து பெருமை கொள்ளத்தக்க செய்தி. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகமும், 1974இல் கேரளத்தின் குடிமைப்பொருள் வழங்கல் கழகமும் அமைந்தன. 1980இல் அமைச்சர் இ. சந்திரசேகரன் நாயர் தொடங்கிய மாவேலிக் கடைகள், ஓணக் கதையின் மன்னனை ஊர்தோறும் கடைக்காரனாக்கி விட்டன என்று சொல்லலாம்.

இனி, 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கு வருவோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இப்பெயரே ஒரு சங்கடம். கலப்படமற்ற உணவைக் காப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. பசியின்றி உணவு கிடைப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. தமிழில் இரண்டையும் ‘உணவுப் பாதுகாப்பு’ என்றே எழுதி விடுகிறோம். மலையாளத்தார் முன்னதை ‘சுரட்சை’ என்றும், பின்னதை ‘பத்ரதை’ என்றும் பிரித்து வழங்குகின்றனர். அந்த நுட்பம் பாராட்டத்தக்கது. முதலாவது, உணவிலுள்ள நஞ்சை நீக்குவது. இரண்டாவது, உணவில்லாத அச்சத்தை நீக்குவது.

இச்சட்டம் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம் உரிமை என்று அது கூறுகிறது. உரிமை என்றால், அது மறுக்கப்படும்போது முறையிட ஓர் இடம் வேண்டுமல்லவா? அதற்காக மாவட்டந்தோறும் குறைதீர் அலுவலரையும், மாநிலத்தில் உணவு ஆணையத்தையும் சட்டம் கேட்கிறது. ஆணையத்திற்கு ஒரு தலைவர், ஐந்து உறுப்பினர், ஓர் உறுப்பினர் செயலர். அவர்களுள் பெண்கள் இருவரேனும், பட்டியல் சாதியினர் ஒருவரும் பழங்குடியினர் ஒருவரும் இருத்தல் வேண்டும். சாட்சிகளை வரவழைக்க உரிமையியல் நீதிமன்றத்திற்குரிய அதிகாரம் உண்டு. தவறிழைத்த அலுவலருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இங்கேதான் செலவைப் பற்றிய வாதம் பிறக்கிறது. எழுவருக்குச் சம்பளம், கட்டிடம், ஊர்தி, ஊழியர் இவையெல்லாம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. இக்கேள்வி அற்பமானதன்று. ஓய்வு பெற்றோருக்கு ஆசனம் தேடித் தரும் அலுவலகங்களை நாம் கண்டதில்லையா? சட்டமே இதை முன்னுணர்ந்து, ஏற்கெனவே உள்ள வேறோர் ஆணையத்திடம் இப்பணியை ஒப்படைக்கவும் மாநிலத்திற்கு இடம் தந்திருக்கிறது. ஆனால் நாற்காலி இரவலாக வந்தால் கவனமும் இரவலாகத்தான் வரும். வேறு வேலைக்காக ஏற்பட்டவர், பசியின் வழக்கை மாலை நேரத்தில்தான் எடுப்பார்.

மீன் கழுவித் தேய்ந்த விரலோடு வைப்பின் தீவில் ஒரு மூதாட்டி கடைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். கடையின் கருவி அவள் ரேகையை ஏற்கவில்லை. அரிசி கிடங்கில் இருக்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அவள் பை மட்டும் வெறுமையாகத் திரும்புகிறது. அவள் குறையைக் கேட்பவர், அக்கடையை நடத்தும் துறைக்கே கீழ்ப்பட்டவரானால் நீதி எப்படிக் கிட்டும்? தனி ஆணையத்தின் விலை இந்த ஒரு கேள்விக்குரிய விலையே. அவ்விலை தகுமா என்பதை ஆணையத்தின் ஆண்டறிக்கையைக் கொண்டு அளக்கலாம். எத்தனை முறையீடு கேட்டது, எத்தனை கடைகளை நேரில் பார்த்தது, எத்தனை பேருக்கு மறுக்கப்பட்ட தானியத்தை வாங்கித் தந்தது? அவ்வறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்பதும் சட்டமே. படித்துக் கேட்பவர் இல்லாவிடில் அச்சிட்ட காகிதமும் வீண் செலவே.

பிற மாநிலங்களில் வாழும் தமிழருக்கு இதில் தனி அக்கறை உண்டு. முன்னாளில், ஊரில் பெயர் இருந்த அட்டை இருப்பூர்தி ஏறி வந்தவனுக்குப் பயன்படவில்லை. 2019இல் தொடங்கிய ‘ஒரே நாடு, ஒரே குடும்ப அட்டை’ ஏற்பாட்டில் 2020 ஜனவரியில் கேரளமும், அவ்வாண்டு அக்டோபரில் தமிழ்நாடும் சேர்ந்தன. 2022 ஜூன் மாதத்தில் அசாமும் சேர, தேசம் முழுவதும் ஒன்றாயிற்று. தேசியச் சட்டத்தின்கீழ் வரும் அட்டைதாரர் இன்று எம்மாநிலத்திலும் தம் தானியத்தைப் பெறலாம். அது மறுக்கப்பட்டால் முறையிடும் உரிமை உண்டென்பதையும் நம்மவர் அறிந்திருத்தல் நலம்.

படகில் திரும்பும்போது வைப்பின் தீவு மெல்லப் பின்னே நகர்கிறது. ஒரு காலத்தில் மூன்று ஆட்சிகளின் எல்லைகளைத் தாண்ட வேண்டியிருந்த அந்த நீரில், இன்று அரிசி மூட்டைக்கு எல்லையில்லை. அந்த எல்லைகளை அழிக்க எத்தனை அட்டைகள், எத்தனை கணக்கேடுகள், எத்தனை எழுத்தர்களின் உழைப்பு! ஒரு படி அரிசியின் விலையில் இவையும் அடக்கம்.