கணைய அழற்சி: உறுதி செய்வது எப்படி?

மேல்வயிற்றில் திடீரெனத் தோன்றி முதுகு வரை பரவும் கடும் வலியை வாயுத் தொல்லை எனக் கருதி அலட்சியப்படுத்துவது ஆபத்தானது. அது, இரைப்பைக்குப் பின்புறம் அமைந்துள்ள கணையத்தின் திடீர் அழற்சியாக இருக்கக்கூடும். பித்தப்பைக் கற்களும் மதுப்பழக்கமும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

பின்வரும் 3 அடிப்படைகளில் இரண்டு பொருந்தினால் நோய் உறுதி செய்யப்படுகிறது: இத்தகைய வலி, ரத்தத்தில் லைபேஸ் அல்லது அமைலேஸ் நொதியின் அளவு இயல்பான உச்ச வரம்பைவிட 3 மடங்கேனும் உயர்ந்திருத்தல், ஸ்கேனில் தெரியும் அழற்சி அறிகுறிகள்.

அல்ட்ராசவுண்ட் பரிசோதனை பித்தப்பைக் கற்களைக் காட்டும். ஆனால், குடலில் உள்ள வாயு கணையத்தை மறைத்துவிடலாம். எனவே, அதை மட்டும் கொண்டு நோய் இல்லை என முடிவு செய்ய இயலாது. வலி தணியாதிருந்தாலோ, வாந்தி அல்லது காய்ச்சல் சேர்ந்தாலோ தாமதமின்றி மருத்துவமனையை அணுக வேண்டும்.